முட்டையின் மேல் பழி போட்ட வருடம்

கொழுப்புப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ஆபீஸ் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் லேபிலிருந்து போன். "சார், நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்றார் அந்தப் பெண். எட்டரைக்கு நாலு தோசை, அதற்கப்புறம் தண்ணீர் மட்டும், காலை எட்டரைக்கு உங்கள் ஊசி என்றேன். "பன்னெண்டு மணி நேரம் சரியாத்தான் இருக்கு. ஆனா உங்க ரத்தத்துல மேல தெளியற சீரம் பால் மாதிரி இருக்குங்க. நாளைக்கு வந்தீங்கன்னா இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாம். பணம் ஒண்ணும் வேண்டாம்."

மறுநாள் போனபோது அந்தக் குழாயைக் காட்டச் சொன்னேன். எனக்குக் கலர் பார்ப்பதுதான் பிழைப்பு. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டோடு நம் சாயப்பட்டறைத் துணி ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்தே இருபது வருடம் போய்விட்டது. லேப் பெண் இரண்டு குழாய்களை அருகருகே வைத்தார். இரண்டிலும் அடியில் சிவப்பு உறைந்து கிடந்தது. வேறு யாருடையதோ ஒன்றில் மேலே நின்றது தெளிவான வெளிர் மஞ்சள். பின்னால் பேப்பரை வைத்தால் எழுத்தே படிக்கலாம். என்னுடையதில் மேலே நின்றது நீர்மோர். சொல்லப்போனால் கொஞ்சம் கெட்டி மோர். என் உடம்புக்குள் ஓடுவது இதுதானா என்று ஒரு நிமிடம் வாயடைத்துப் போனேன்.

இரண்டாவது முறை எடுத்ததும் அப்படியேதான் வந்தது. ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு, 612. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை. டிரைகிளிசரைடு 400-க்கு மேல் இருப்பதால் கணக்கிட முடியவில்லை என்று ஒரு குறிப்பு மட்டும். டிரைகிளிசரைடு 150-க்குள் இருந்தால் சரி, 150 முதல் 199 வரை எல்லையோரம், 200 முதல் 499 வரை அதிகம், 500-ஐத் தொட்டால் மிக அதிகம். இந்த அளவுகள் எல்லா ரிப்போர்ட்டின் ஓரத்திலும் அச்சடித்தே இருக்கின்றன. நான்தான் அதுவரை படித்ததில்லை.

படித்திருக்க வேண்டியது அதற்கு ஒரு வருடம் முன்னால். கம்பெனியில் எல்லோருக்கும் முழு உடல் பரிசோதனை செய்தார்கள். எனக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 228, நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் 34, எல்டிஎல் 137, டிரைகிளிசரைடு 286. நான்கு எண்களில் என் கண்ணில் பட்டது 228 மட்டும்தான், ஏனென்றால் 'கொலஸ்ட்ரால்' என்ற வார்த்தை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மற்றது வாயில் நுழையாத பேர். அதனாலேயே விட்டுவிட்டேன். என் மாமா ஒருவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்து, "மாப்ள, முட்டைய நிறுத்து, எண்ணெய நிறுத்து, தேங்காயத் தொடாத" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை, அவருக்கு யாரோ சொன்னது அது.

அந்த ஒரு வருடம் நான் சாமியார் மாதிரி இருந்தேன். அவித்த முட்டை கிடையாது. கடலை கிடையாது. தேங்காய்ச் சட்னி கிடையாது. ஆனால் வயிறு சும்மா இருக்குமா? காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் இரண்டு ஸ்பூன் தேனும். டிபனுக்கு எண்ணெய் இல்லாத இட்லி ஆறு. பதினோரு மணிக்கு ஆபீஸ் பையன் வாங்கிவரும் சாத்துக்குடி ஜூஸ். நாலு மணிக்கு டீயோடு ரஸ்க், 'எண்ணெய்ப் பலகாரம் வேண்டாமே' என்பதற்காக. ராத்திரி எண்ணெய் தடவாத சுக்கா சப்பாத்தி ஐந்து. டீயில் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாட்டுச்சர்க்கரை போடச் சொன்னேன். எங்கள் கொங்குப் பக்கம் அதைச் சாப்பிட்டால் மருந்து சாப்பிட்ட மாதிரி ஒரு நிம்மதி. சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு ஒரு குவார்ட்டர், அது மட்டும் மாறவில்லை. அதைக் கொழுப்புக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லையே. வருடக் கடைசியில் எடை மூன்று கிலோ கூடி 84, டிரைகிளிசரைடு 286 இருந்த இடத்தில் 612.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" இரண்டாவது, "சர்க்கரை இருக்கா, வீட்ல யாருக்காவது?" மூன்றாவது, "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க? ஸ்டீராய்டு, மூட்டு வலிக்கு, தோலுக்குன்னு எதுவும்?" கண் இமையின் ஓரத்தையும் முழங்கையையும் தொட்டுப் பார்த்தார், கொழுப்பு ரொம்பக் கூடினால் அங்கெல்லாம் மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டி வரலாமாம். எனக்கு இல்லை. இடுப்பை டேப் வைத்து அளந்தார்: 102 செ.மீ. நம் ஊர் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது என்றார். அப்புறம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, கிட்னிக்கான கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் என்று எழுதினார். சர்க்கரைச் சராசரி 6.2 வந்தது, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படி. கல்லீரலில் கொழுப்பு, முதல் கட்டம். தைராய்டு சரியாக இருந்தது.

"இப்போதைக்கு ஹார்ட்டைப் பத்திப் பயப்படறத விட கணையத்தைப் பத்திப் பயப்படுங்க" என்றார். அளவு 500-ஐத் தாண்டிவிட்டால் அது எப்போது ஆயிரத்துக்கு எகிறும் என்று சொல்ல முடியாதாம்; ஒரு கல்யாண விருந்தும் அதோடு கொஞ்சம் சாராயமும் போதும். ஆயிரத்துக்கு மேல் போனால் கணைய அழற்சி வரும் அபாயம் நன்றாகவே கூடுகிறது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்கிற மாதிரி விடாத வலி, கூடவே வாந்தி என்றால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு வீட்டில் உட்காராமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். இதை என் மனைவியையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நான் மறைத்திருப்பேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். எண்ணெயே தொடாதவனுக்கு ரத்தத்தில் எப்படி எண்ணெய்? அவர் சொன்னதை நான் என் தொழிலுக்கு மாற்றிப் புரிந்துகொண்டேன். ஆர்டருக்கு மேல் நூல் வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் என்ன செய்வோம்? கோன் கோனாகச் சுற்றி மூட்டை கட்டி குடோனுக்கு அனுப்புவோம். கல்லீரல் செய்வதும் அதுதான். சோறு, இட்லி, சர்க்கரை, ஜூஸ் எல்லாம் கடைசியில் சர்க்கரையாகவே உள்ளே வருகின்றன. உடம்பு உடனே செலவழிக்கும் அளவுக்கு மேல் வருவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலம் கோத்த மூட்டை, அதுதான் டிரைகிளிசரைடு. மூட்டைகளை விஎல்டிஎல் என்ற லாரியில் ஏற்றி ரத்தத்தில் அனுப்பிவிடுகிறது. சரக்கை இறக்குகிற கூலியாள் தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரில் நிற்கிறான்: லைபோபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி. நடந்தால், வேலை செய்தால் தசைப் பக்கத்து ஆள் சுறுசுறுப்பாக இறக்குவான். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் அவனும் பீடி பிடிக்கப் போய்விடுவான். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் கல்லீரல் லாரியை மேலும் மேலும் அனுப்பும், இறக்குவதும் மந்தமாகும். சாராயம் உள்ளே வந்தாலோ கல்லீரல் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் கவனிக்கும். எரிய வேண்டிய கொழுப்பு எரியாமல் மூட்டையாகிவிடும். சாலை முழுக்க லாரி நின்றால் ரத்தம் மோர் நிறத்தில்தான் தெரியும்.

ஆக, ஒரு வருடமாக நான் நிறுத்தியது எல்லாம் சம்பந்தமே இல்லாத வண்டிகளை. ஏற்றிக்கொண்டே இருந்தது குடோன் சரக்கை.

இது என் ஒருவன் கதையும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' (INDIAB) ஆய்வில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் என நான்கு இடத்து மக்களின் கொழுப்பு அளவுகளை 2014-இல் வெளியிட்டார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். டிரைகிளிசரைடு கூடியிருந்தவர்கள் 29.5 சதவீதம், நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் குறைந்திருந்தவர்கள் 72.3 சதவீதம். நம் ஆட்களுக்கு வருகிற வியாதி ஒன்றாக இருக்க, நாம் பயப்படுவது வேறொன்றுக்கு.

மாத்திரை எழுதினார். ஃபெனோஃபைப்ரேட் 160, தினம் ஒன்று, சாப்பாட்டோடு. கிரியேட்டினினையும் கல்லீரலையும் முன்னாடியே பார்த்தது இதற்காகத்தான் என்று பிறகு புரிந்தது. கிட்னி சரியில்லாதவர்களுக்கு இந்த மாத்திரையை யோசித்துத்தான் கொடுப்பார்கள். தசை வலி வந்தாலோ சிறுநீர் கறுத்தாலோ வரச் சொன்னார். என் சீட்டில் இருந்ததைப் பார்த்து யாரும் மெடிக்கலில் வாங்கிப் போட வேண்டாம். ஒருவருக்கு 250 இருந்தால் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம், இன்னொருவருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை முதலில் தேவைப்படலாம். என் ஆபீஸ் கணக்குப்பிள்ளைக்கு 380 இருந்தது. காரணம் தைராய்டு குறைவு. தைராய்டு மாத்திரை சாப்பிட்ட நாலு மாதத்தில் இதுவும் இறங்கிவிட்டது. அவரிடம் போய் நான் இட்லியைக் குறையுங்கள் என்று உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

இனி வீட்டுக் கதை. டாக்டர் ஒரு வாரம் வாயில் போடுவதை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதியபோதுதான் தெரிந்தது, நாளைக்கு ஆறு டீ. டீக்கடைக் கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பன்னிரண்டு ஸ்பூன் என்றால் ஐம்பது அறுபது கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். டீயில் மட்டும்! உலக சுகாதார நிறுவனம் தேன், ஜூஸ் எல்லாம் சேர்த்தே நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று பேரை மாற்றினால் கல்லீரலுக்கு அது தெரியாது. நிறத்தை மட்டும் பார்த்து ஏமாந்தது என்னைப் போல ஒரு கலர் பார்க்கிற ஆள் என்பதுதான் வேடிக்கை.

டீயை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்கிறவர்கள் ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்மென்ட் நாளில் வேலை பார்த்ததில்லை. 'வித்தவுட்' என்று சொல்லப் பழகினேன். முதல் பத்து நாள் கஷாயம் குடிப்பது போல இருந்தது. மாஸ்டர் பாவப்பட்டு, "அரைச் சர்க்கரையாச்சும் போடட்டுங்களா?" என்பார். மூன்றாவது வாரத்தில் பாலின் இனிப்பே நாக்குக்குத் தெரிய ஆரம்பித்தது. ஆறு டீ மூன்றானது தானாகவே. சர்க்கரைக்காகத்தான் மற்ற மூன்றையும் குடித்திருக்கிறேன் போல.

ஜூஸை நிறுத்தியதும் பழத்தை முழுதாகச் சாப்பிட ஆரம்பித்தேன். ஒரு டம்ளர் ஜூஸுக்கு நாலு சாத்துக்குடி. உரித்துச் சாப்பிட்டால் இரண்டுக்கு மேல் யாராலும் முடியாது, நார் தடுத்துவிடும்.

சோற்றில்தான் வீட்டில் சண்டை. எங்கள் அம்மாவுக்கு எழுபத்து இரண்டு வயது. இட்லியைக் கொழுப்போடு சேர்த்துப் பேசுவது அவருக்குத் தெய்வ நிந்தனை. "ரெண்டு இட்லி எந்த மூலைக்குடா சாமி? ஆவியில வெந்தது, காய்ச்சக்காரனுக்கே குடுக்கறது" என்பார். இட்லிமேல் தப்பே இல்லை, ஆறு என்ற எண்ணில்தான் தப்பு என்று சொன்னால் ஏற்க மாட்டார். ஒருவழியாக ஏற்பாடு இப்படி ஆனது: இட்லி மூன்று, கூடவே ஒரு கிண்ணம் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டல், அல்லது இரண்டு அவித்த முட்டை. ஆம், முட்டை திரும்பி வந்துவிட்டது. ஒரு வருடம் ஒதுக்கி வைத்திருந்ததற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

அரிசிம்பருப்புச் சாதம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொங்கு வீட்டில் நினைத்தவுடன் செய்வது அது. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், கொஞ்சம் தேங்காய், மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. மேலே நெய் விட்டால் நான் மூன்று தட்டு சாப்பிடுவேன். என் மனைவி ஒரு நாள் சத்தம் போடாமல் அரிசியும் பருப்பும் சம அளவு போட்டாள். அதோடு தண்ணீரைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் பருப்பு அடியில் பிடிக்கிறது. பூண்டையும் இரண்டு பல் அதிகமாக. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, இது அரிசிம்பருப்பா, பருப்பரிசியா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பேர் பருப்பரிசி. அதை ஒன்றரைத் தட்டுக்கு மேல் தள்ள முடிவதில்லை. நெய் அரை ஸ்பூன் அப்படியே இருக்கிறது, டாக்டர் அதை எடுக்கச் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம்: முதலில் பொரியலும் கூட்டும், அப்புறம்தான் சோறு. டிபன் பாக்ஸில் பெரிய அடுக்கில் காய், சின்ன அடுக்கில் சோறு என்று மனைவி மாற்றிப் போட்டாள். சிறுதானியத்தையும் முயன்று பார்த்தோம். குதிரைவாலிப் பொங்கலை ஆரோக்கியம் என்ற தைரியத்தில் இரண்டு மடங்கு சாப்பிட்டேன். அதுவும் மாவுச்சத்துதான், அளவு கூடினால் அதே குடோன்தான்.

எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குச் சமையலுக்கு அளவான எண்ணெய் தடையில்லை, பொரித்ததை மட்டும் குறைக்கச் சொன்னார். ஆனால் 1000-ஐத் தாண்டியவர்களுக்கு வேறு கணக்கு. அவர்களுக்கு உணவில் வரும் கொழுப்பும் ரத்தத்தில் தேங்கிவிடும். எண்ணெய், நெய் எல்லாவற்றையும் கடுமையாகக் கட்டுப்படுத்துவார்கள். அந்த அளவில் இருப்பவர் என் சாப்பாட்டைப் பின்பற்றக் கூடாது.

குவார்ட்டர் கணக்கை நானே போட்டேன். 180 மில்லியில் 42.8 சதவீதம் சாராயம் என்றால் ஏறக்குறைய 60 கிராம். கிராமுக்கு 7 கலோரி வைத்தால் 420-க்கு மேல். சைடிஷ் தனி. எங்கள் ஊர்க் கரம் ஒரு பொட்டலம், பொரியும் தட்டைமுறுக்கும் காரச் சட்னியும் போட்டுப் பிசைந்தது. அப்புறம் வறுத்த கோழி, நடுராத்திரியில் இரண்டு புரோட்டா. கலோரியை விட்டுவிடுங்கள், 500-க்கு மேல் இருப்பவனுக்கு அளவோடு குடிப்பது என்று ஒன்று இல்லை, பூஜ்யம்தான் என்றார் டாக்டர். நண்பர்கள் இரண்டு வாரம் கிண்டல் செய்தார்கள். மூன்றாவது வாரம் ஒருவன் தனியாகக் கூப்பிட்டு அவனுடைய ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். 440.

மீன் எண்ணெய் மாத்திரைக்கு ஆயிரம் ரூபாய் தண்டம் அழுதேன். டப்பாவில் '1000 மி.கி.' என்று கொட்டை எழுத்து. பின்னால் திருப்பிப் படித்தால் ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120. வேலை செய்கிற சரக்கு 300 மில்லிகிராம்தான். டிரைகிளிசரைடைக் குறைக்க மருத்துவர்கள் மருந்தாகக் கொடுக்கும் ஒமேகா-3 நாளைக்கு 4 கிராம் அளவு. என் டப்பாவில் அதற்குப் பதின்மூன்று மாத்திரை விழுங்க வேண்டும். அந்தப் பணத்துக்கு மத்தி மீன் வாங்கியிருக்கலாம். இப்போது வாரம் இரண்டு நாள் மத்தி, இல்லாவிட்டால் அயிலை, பொரிக்காமல் குழம்பு. கடல் மீன் வராத நாளில் மாயனூர் பக்கத்து ஆற்று மீன். அதில் ஜிலேபி என்று ஒன்று உண்டு. எனக்கு இப்போது அனுமதிக்கப்பட்ட ஒரே ஜிலேபி.

நடையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குக் காலையில் எழுந்து நடப்பது ஒத்துவரவில்லை. அமெரிக்கக்காரனோடு ராத்திரி பேசிவிட்டுத் தூங்குகிறவனுக்கு ஐந்து மணி கிடையாது. அதனால் இரவுச் சாப்பாட்டை பத்தரையிலிருந்து எட்டுக்கு இழுத்தேன், ஆபீஸிலேயே டப்பா. வீட்டுக்கு வந்ததும் மனைவியோடு பசுபதீஸ்வரர் கோயில் வீதிகளைச் சுற்றி நாற்பது நிமிடம். பேசிக்கொண்டே போகலாம், பாட முடியாது, அந்த வேகம். இருபது வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. சிலவற்றைப் பேசாமலே இருந்திருக்கலாம், அது வேறு விஷயம்.

மூன்று மாதம் கழித்து, மாசியில், டிரைகிளிசரைடு 236. எடை 79. குதிக்கப் போன நேரத்தில் எல்டிஎல் 142 என்று இருந்தது. போன தடவை கணக்கே இல்லாத எண் திடீரென்று முளைத்து அதிகமாகவும் இருந்ததில், மாத்திரை ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுகிறதோ என்று பயந்து போனேன். டாக்டர் விளக்கினார். பல லேப்களில் எல்டிஎல்லை அளப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். 1972-இல் ஃப்ரீடுவால்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட வழி அது: மொத்தக் கொலஸ்ட்ராலில் ஹெச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது. 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்குத் தப்பாகிவிடும், அதனால்தான் முன்பு எண் இல்லை. போதாததற்கு, விஎல்டிஎல் லாரிகள் சரக்கை இறக்கிவிட்டால் எல்டிஎல்லாக மாறுகின்றன. டிரைகிளிசரைடு இறங்கும்போது எல்டிஎல் கொஞ்சம் ஏறித் தெரிவது உண்டு. "கணையத்தைக் காப்பாத்தியாச்சு, இப்ப ஹார்ட்டைப் பார்ப்போம்" என்று சின்ன அளவில் ஸ்டாட்டின் சேர்த்தார். அதோடு எளிதான ஒரு கணக்கும் சொல்லிக்கொடுத்தார்: மொத்தக் கொலஸ்ட்ராலில் ஹெச்டிஎல்லைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் போதும், கெட்டது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். எனக்கு அது முதலில் 194 இருந்தது. இப்போது ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் நான் பேனாவால் போடும் முதல் கணக்கு இதுதான்.

சித்திரைக் கடைசியில் 171. அங்கேதான் தலைக்கனம் வந்தது. 'சரியாகிவிட்டது' என்று ஃபெனோஃபைப்ரேட்டை நானே நிறுத்தினேன். வைகாசியில் மாரியம்மன் திருவிழா. கோயிலில் நட்ட கம்பம் ஆற்றுக்குப் போகிற அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அடுத்த நாளிலிருந்து ஒருவர் வீட்டில் கிடா, ஒருவர் வீட்டில் பிரியாணி, மாமன் மச்சான்களோடு பழைய பழக்கமும். ஒரு வாரம்தான். வரிசையாகச் சாப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன், வரிசையாக மறந்தேன். பத்து நாள் கழித்து எடுத்த பரிசோதனையில் 348. எல்டிஎல் மாதிரி மெதுவாக அசைகிற எண் இல்லை இது. போன வாரம் என்ன செய்தாய் என்று கேட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். டாக்டர் திட்டவில்லை. "நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஆவணியில் மறுபடி 158.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு என் அடிபட்ட அனுபவத்தில் சில. முந்தின இரவு வழக்கமான சாப்பாடு, எட்டுக்குள். காலை எட்டுக்கு ரத்தம். தண்ணீர் குடிக்கலாம், பால் கலந்த எதுவும் கூடாது. மூன்று நாள் முன்பிருந்தே குடி கூடாது. காய்ச்சலோ வேறு உடம்பு சரியில்லாமலோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த ரத்தத்தில் அதிகம் வந்தால் பதறாமல் வெறும் வயிற்றில் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். முடிந்தவரை ஒரே லேப். ஒரே ஆளுக்கே இந்த எண் நாளுக்கு நாள் நன்றாக ஏறி இறங்கும். 171-க்கும் 158-க்கும் வித்தியாசம் இருப்பதாக நினைத்து நான் ஸ்வீட் கடைப் பக்கம் பார்த்தது மடத்தனம். எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். என் முதல் ரிப்போர்ட்டின் 286-ஐ டாக்டர் பார்த்தபோது, "இது உங்க கையில ஒரு வருஷமா இருந்துச்சா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது எடை 76.5, இடுப்பு 94. இன்னும் நாலு செ.மீ. பாக்கி. கல்லீரல் ஸ்கேன் இந்த முறை சுத்தமாக வந்தது. அம்மாவும் ராத்திரிக்குப் பருப்பரிசியே கேட்கிறார், எனக்காக என்று சொல்லிக்கொண்டு.

அடுத்த பரிசோதனை வைகாசிக் கடைசியில் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. நேற்று மாமா வீட்டிலிருந்து கிடா விருந்துக்கு அழைப்பு வந்தது, கம்பம் விட்ட மறுநாள். நான் காலண்டரைப் பார்த்து, பரிசோதனையைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே வைத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் முறத்தில் பாசிப்பயறைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப வர்ற நம்பர் யாருக்குங்க? டாக்டருக்கா?" என்றாள். தேதியை இன்னும் மாற்றவில்லை.